பாடம் புரியல, ஆனா எந்தச் சொல் புரியலன்னு கேட்டா சொல்லத் தெரியல

ஜூன் 14, மாலை 6:10 (கேள்வி)

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பசங்க பாடத்தை கடகடன்னு வாசிச்சுடுறாங்க, முடிச்சதும் என்ன இருந்துச்சுன்னு கேட்டா முழிக்கிறாங்க. அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி 25 கலைச்சொல் எழுதிப் போட்டு, அர்த்தம் குடுத்து, வெள்ளிக்கிழமை டெஸ்ட் வைக்கிறேன். 20க்கு மேலதான் வாங்குறாங்க. ரெண்டு வாரம் கழிச்சு கேட்டா ஒண்ணும் மிச்சமில்ல. பட்டியலை 40 ஆக்கலாமான்னு பாக்கிறேன். உண்மையிலேயே இந்தச் சொல் விவகாரம் எல்லாம் நம்ம வேலையா, இல்ல மொழிப்பாடம் எடுக்கிறவங்க வேலையா?

ஜூன் 14, இரவு 9:45

40 ஆக்காதீங்க மேடம். 10 ஆக்குங்க, அந்தப் பத்தையும் மாத்துங்க.

நானும் ஆறு வருஷம் இதே வெள்ளிக்கிழமை டெஸ்ட் வெச்சவன்தான். சவ்வூடு பரவல்னா என்னன்னு கேட்டா செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குன்னு ஆரம்பிச்சு மூச்சு விடாம ஒப்பிப்பான். செறிவுன்னா என்னடான்னு கேட்டா "அதான் சார், செறிவு"ம்பான். அர்த்தத்தையே இன்னொரு தெரியாத சொல்லா மாத்தி மனப்பாடம் பண்ணியிருக்கான், அவ்ளோதான்.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொற்களை மூணு அடுக்கா பிரிச்சாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. முதல் அடுக்கு அன்றாடப் பேச்சுல தானா வர்றது. மூணாவது அடுக்கு ஒரு பாடத்துக்கே உரியது, ஒளிச்சேர்க்கை, சவ்வூடு பரவல் மாதிரி. நடுவுல இருக்கிறது எல்லாப் பாடத்துலயும் திரும்பத் திரும்ப வர்றது, ஆனா வீட்டுல யாரும் பேசாதது: செறிவு, வீதம், காரணி, விளைவு, சார்ந்த, ஒப்பிடுக, வேறுபடுத்துக. கலைச்சொல்லை நாம எப்படியும் விளக்கிடுவோம், அது புதுசுன்னு நமக்கே தெரியுறதால. நடுவுல உள்ளதை தமிழ் டீச்சர் "இது அறிவியல் பாடத்துல வர்றது"ன்னு விட்டுடுவாங்க, அறிவியல் வாத்தியார் "இது தமிழ்தானே"ன்னு விட்டுடுவாரு. யார் வேலைன்னு கேட்டீங்களே, ரெண்டு பேருமே இன்னொருத்தர் வேலைன்னு நெனைக்கிற வேலை அது. நாமதான் செய்யணும், ஏன்னா கரைசலை முன்னாடி வெச்சுக்கிட்டு செறிவைக் காட்டுற வசதி நமக்குத்தான் இருக்கு.

ஜூன் 15, காலை 7:20

ஆறு வருஷம்னு எழுதிட்டேன். பழைய மார்க் நோட்டை எடுத்துப் பாத்தா எட்டு.

ஜூன் 17, இரவு 10:05

"அப்போ எந்தப் பத்து சொல்லை எடுக்கிறது"ன்னு கேட்டிருக்கீங்க. நான் எடுத்த வழியைச் சொல்றேன், நல்ல வழின்னு சொல்ல வரல.

பாடத்துல ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் குடுத்து, தெரியாத சொல்லுக்கு எல்லாம் அடியில கோடு போடுங்கடான்னேன். பேர் எழுத வேண்டாம்னுட்டேன், பேர் எழுதச் சொன்னா ஒருத்தனும் கோடு போட மாட்டான், மானப் பிரச்சினை. எண்ணிப் பாத்தப்போ அந்தப் பக்கத்துல 210 சொல். பெரும்பாலானவங்க 6ல இருந்து 14 வரைக்கும் கோடு போட்டிருந்தாங்க.

இதை எதோட வெச்சுப் பாக்கிறதுன்னு தேடினப்போ கெடைச்சது பால் நேஷன்ங்கிற சொல்லறிவு ஆய்வாளரோட கணக்கு. அவரும் ஹூ ங்கிறவரும் 2000ல பண்ணின ஆய்வுப்படி, யார் துணையும் இல்லாம ஒரு பகுதியைப் படிச்சுப் புரிஞ்சுக்கணும்னா அதுல உள்ள சொல்லுல 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும். அதாவது 50 சொல்லுக்கு ஒண்ணுதான் தெரியாம இருக்கலாம். என் 210 சொல் பக்கத்துக்கு நாலு. 95 சதவீதம்னு வெச்சாக்கூட பத்து. 14 கோடு போட்டவன் அந்தப் பக்கத்தை வாசிக்கல, அதுல நடந்துட்டு வந்திருக்கான்.

அது இங்கிலீஷ் கதைப்பகுதியை வெச்சுப் பண்ணின ஆய்வுங்கிறதை மறக்க வேண்டாம். நம்ம மொழியில "கரைந்துகொண்டிருப்பதால்" ங்கிறதை ஒரு சொல்லா எண்ணுறதா மூணா எண்ணுறதான்னே ஒரு நாள் சண்டை போடலாம். குத்துமதிப்பா எடுத்துக்கோங்க.

எப்படியோ, அதிகம் பேர் கோடு போட்ட பத்து சொல்தான் அந்த வாரப் பட்டியல். வேலை முடிஞ்சது.

ஜூன் 17, இரவு 10:30

வேலை முடிஞ்சதுன்னு எழுதினது எனக்கே உறுத்துது. நாளைக்கு வகுப்புல ஒண்ணு சோதிச்சுப் பாத்துட்டு வரேன்.

ஜூன் 20, இரவு 11:15

மேல 17ம் தேதி எழுதினதை பாதி வாபஸ் வாங்கிக்கிறேன்.

அதே பக்கத்துல ஒரு வாக்கியம்: "திரவங்களைப் போலன்றி வாயுக்கள் எளிதில் அமுக்கப்படுகின்றன." 32 பேரையும் ஒவ்வொருத்தரா கூப்ட்டு, இதை உன் பேச்சுல சொல்லுன்னேன். மூணு நாள் ஆச்சு, இடைவேளை எல்லாம் போச்சு. 19 பேர் "தண்ணி மாதிரியே காத்தையும் ஈஸியா அமுக்கலாம்"னு சொன்னாங்க. தலைகீழ். கோடு போட்ட தாளை எல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தேன், போலன்றிக்கு ஒருத்தன்கூட கோடு போடல.

கோடு போட்டது முழுக்க பெயர்ச்சொல். தடிமனா அச்சடிச்சிருக்கிற சொல், நீளமான சொல், பாத்தாலே பயமா இருக்கிற சொல். போலன்றி பாக்க சாது. "போல" கண்ணுல பட்டுச்சு, அதோட நின்னுட்டான், பின்னாடி ஒட்டியிருந்த "அன்றி"யை முழுங்கிட்டான். தெரியாதுன்னு தெரிஞ்சா கேட்டிருப்பான். தெரியும்னு நெனைச்சுட்டான்.

ஏன்னு யோசிச்சா, நான் என் வாழ்க்கையில வாயைத் திறந்து "அன்றி"ன்னு சொன்னதே கெடையாது. நீங்களும்தான். "தண்ணி மாதிரி இல்ல, காத்தை அமுக்கிடலாம்"னுதான் சொல்லுவோம். ஃபெர்குசன்னு ஒரு மொழியியலாளர் 1959லயே இரட்டை வழக்கு பத்தி எழுதினாரு, பேசுறதுக்கு ஒரு வடிவம், எழுதுறதுக்கு ஒரு வடிவம், எழுதுறது யாருக்கும் தாய்மொழியா வாய்க்கிறதில்லன்னு. தமிழுக்கு அது அப்படியே பொருந்தும். வீட்டுல தமிழ்தானே பேசுறான், இவனுக்கு என்ன மொழி சொல்லிக்குடுக்கிறதுன்னு நாம நெனைக்கிறோம். வீட்டுல அவன் பேசுற தமிழ்ல ஆயினும் இல்ல, மாறாக இல்ல, நீங்கலாக இல்ல, ஒழிய இல்ல, முறையே இல்ல, ஏனெனில்கூட இல்ல, "ஏன்னா"தான் இருக்கு. இதெல்லாம் அச்சுல மட்டும் குடியிருக்கிற சொல்லு, இதுக்குக் கலைச்சொல் அகராதியிலயும் இடம் கெடையாது.

இன்னொண்ணு, அமுக்கப்படுகின்றன. யார் அமுக்குறாங்கன்னு கேட்டேன். "வாயு அமுக்குது சார்"னு அஞ்சு பேர். படுகிறது, பட்டது எல்லாம் வந்தா செய்யுறவன் வாக்கியத்துல இருந்து காணாமப் போயிடுறான், இவங்க அந்தக் காலி நாற்காலியில கெடைச்சவனை உக்கார வெச்சுடுறாங்க.

அதனால பத்து சொல்லுக்கு என் புதுக் கணக்கு: பசங்க கோடு போட்டதுல அஞ்சு, கோடு போடாம விட்டதுல இருந்து நானா எடுத்தது அஞ்சு.

ஜூன் 21, காலை 6:50

பத்துன்னு நான் சொல்றதுக்கு எந்த ஆய்வும் ஆதாரம் இல்ல மேடம், என் வகுப்புல பன்னெண்டு தாண்டினா கவனம் கலைஞ்சது, அதான்.

ஜூன் 21, இரவு 9:30

கணக்கு வாத்தியார் ஒருத்தர் மேல வந்து "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, எண்ணுக்கு மொழி கெடையாது"ன்னு எழுதியிருக்காரு. சார், எனக்கு ரெண்டு வருஷம் கணக்கும் சேத்துக் குடுத்தாங்க, அந்த அனுபவத்துல சொல்றேன், உங்களுக்குத்தான் அதிகம்.

"50க்கு மிகாமல்" ங்கிறதுக்கு எத்தனை பேர் 50ஐ விடப் பெரிசுன்னு குறி போடுறான்னு பாருங்க. "மிக" காதுல விழுது, "ஆமல்" விழல. குறையாமல்னு வந்தா சின்னதுன்னு போடுவான். ரெண்டுலயும் 50 உண்டா இல்லையாங்கிறது அடுத்த தகராறு. "மூவரின் வயது முறையே 12, 15, 18"னு வந்தா முறையேங்கிறதை மரியாதைச் சொல்லுன்னு நெனைச்சேன் சார்னு ஒரு பொண்ணு சொன்னா. கேலி இல்ல, அவ யோசிச்சது நியாயம்தான், முறையா நடந்துக்கோன்னு தினமும் கேக்கிற சொல்லாச்சே.

அப்புறம் தெரிஞ்ச சொல்லே வேஷம் மாத்திட்டு வர்றது. உறுப்புன்னா கை கால், இயற்கணிதத்துல 3x ஒரு உறுப்பு. கணம்னா நொடிப்பொழுது, அங்க போனா பொருள்களோட தொகுப்பு. சார்புன்னா ஒரு பக்கம் சாயுறது, அங்க வேற. இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள்னு போர்டுல எழுதித் திரும்பினா கடைசி பெஞ்சு முழுக்க குலுங்கும், ஏன்னு சொல்லத் தேவையில்ல. நான் மொத வருஷம் கோவப்பட்டேன். அடுத்த வருஷம் நானே முந்திக்கிட்டேன், "இந்த மூலம் உக்காந்தா வலிக்காது, வேரு, அடின்னு அர்த்தம், எந்த மதிப்பைப் போட்டா சமன்பாடு பூஜ்யமாகுதோ அது"ன்னு. சிரிச்சு முடிச்சதும் அர்த்தம் நின்னுச்சு. அந்தப் பசங்க மூலத்தை மறக்கவே இல்ல.

இயற்பியலும் லேசுப்பட்டது இல்ல. பையைத் தூக்கிட்டு அசையாம ஒரு மணி நேரம் நின்னா நீ செஞ்ச வேலை சுழின்னு சொன்னா எந்தப் பிள்ளை ஒத்துக்கும்? அசைவு இல்லன்னா பை மேல நீ வேலை செய்யலன்னு இயற்பியல் சொல்லுது, தோள்பட்டை வேற சொல்லுது. விசை, ஆற்றல், திறன், சக்தி நாலும் அவனுக்குப் பேச்சுல ஒண்ணுதான். நிறையும் எடையும் அப்படித்தான். இங்க புதுச் சொல் கத்துக்கிறதை விட பழைய அர்த்தத்தை வாசல்ல விட்டுட்டு வர்றதுதான் கஷ்டம்.

ஜூன் 24, இரவு 10:10

பெக் சொன்ன மூணு அடுக்கை தொல்காப்பியர் எப்பவோ இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல்னு நாலா பிரிச்சுட்டாருன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற. அவர் பிரிச்சது செய்யுளுக்கு ஆகுற சொல்லை, எங்கேர்ந்து வந்தது, நேரா புரியுதா இல்லையாங்கிறதை வெச்சு. பெக் பிரிச்சது வகுப்புல எதுக்கு நேரம் செலவு பண்ணலாம்ங்கிறதை வெச்சு. நாமதான் முன்னாடியே சொன்னோம்னு எல்லாத்துக்கும் கொடி நட வேண்டியதில்ல.

(எழுதி முடிச்சு பத்து நிமிஷம் கழிச்சு) ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். திரிசொல்லை அவர் ரெண்டா பிரிக்கிறாரு, ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள். நான் 21ம் தேதி புலம்பினேனே, உறுப்பு, கணம், மூலம்னு, அது இந்த ரெண்டாவது வகை. நிகண்டு எழுதினவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கு. சூடாமணி நிகண்டுல பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள்தான், அதுவும் எதுகைப்படி அடுக்கியிருக்கும். அந்தக் காலத்துப் பசங்க அதைப் பாட்டா நெட்டுரு போட்டாங்க. நான் பண்ணின வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு பாட்டன் அதுன்னு சொல்லலாம், என்ன, அதுல சந்தம் இருந்துச்சு, என்னுதுல அதுவும் இல்ல.

ஜூன் 28, மாலை 5:40

கேள்வித்தாள்ல வர்ற வினைச்சொல் பத்தி சொல்ல மறந்துட்டேன். சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்னும் வெச்சுக்கலாம்.

பல வருஷத்துக்கு முன்னாடி, "சிறுகுறிப்பு வரைக: மகரந்தச் சேர்க்கை"ன்னு கேட்டிருந்தேன். ஒரு பையன் முக்கால் பக்கத்துக்கு படம் வரைஞ்சிருந்தான். பூ, சூலகமுடி, மகரந்தப்பை, தேனீ, தேனீ கால்ல ஒட்டியிருக்கிற தூள், அது அடுத்த பூவுக்குப் போற பாதைக்கு அம்புக்குறி. ஒரு வரி எழுதல. நான் சுழி போட்டேன். வகுப்புல தூக்கிக் காட்டி சிரிக்கவும் வெச்சேன். பல வருஷம் இதை ஜோக்காத்தான் சொல்லிட்டு இருந்தேன்.

வரைகன்னா வரையத்தானே செய்வான்? "கட்டுரை வரைக"ன்னா எழுது, "படம் வரைக"ன்னா வரை, "வரையறு"ன்னா ரெண்டும் இல்ல. இதுல எது எப்பன்னு நான் ஒரு நாளும் சொல்லிக்குடுத்ததில்ல. அந்தப் படத்துல இருந்த விஷயம், எழுதி மார்க் வாங்கின பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்ப வருஷ ஆரம்பத்துல ஒரு வாரம் இதுக்கே போகுது. ஒரே பொருளை எடுத்துக்கிட்டு, உதாரணத்துக்கு ஆவியாதல், அதை வரையறு, விவரி, காரணம் கூறு, கொதித்தலோட வேறுபடுத்து, நாலையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லுவேன். நாலு பதிலும் ஒரே மாதிரி இருந்தா இன்னும் புரியலன்னு அர்த்தம். "நிறுவுக", "தருவி" கணக்குப் பக்கம் உள்ளவங்க பாத்துக்கோங்க, நிறுவுகன்னா கம்பம் நடுறதுன்னு நெனைக்கிறவன் இருக்கான்.

ஜூலை 2, இரவு 9:00

சொல்லைப் பிரிச்சுக் காட்டுறது பத்தி. இது நமக்கு மொழியே குடுத்த வசதி, கலைச்சொல் பாதிக்கு மேல பிரிச்சா தானா கதை சொல்லும். மாறி, மாறிலி. "இலி"ன்னா இல்லாதது, மாறுறது இல்லாதது மாறிலி. விகிதமுறு, விகிதமுறா, ஒரு "ஆ"வுல எல்லாமே தலைகீழ். நுண்ணோக்கி, நுண்ணுயிரி. வெப்பமானி, மழைமானி, அழுத்தமானி. மானி தெரிஞ்சா அரை டஜன் கருவி தெரிஞ்ச மாதிரி.

நீங்களே ஒரு மானி செய்யுங்கடான்னேன். பசிமானி, தூக்கமானி, கோவமானி வந்துச்சு (கோவமானியை என் நெத்தியில பொருத்தணும்னு ஆலோசனையும் வந்துச்சு). அப்ப ஒருத்தன் எழுந்து "அபிமானின்னா அபியை அளக்கிறதா சார்?" வகுப்புல அபின்னு ரெண்டு பேர். அன்னைக்குப் பாடம் அவ்ளோதான்.

ஆனா அந்தக் கேள்வி பொன்னான கேள்வி. பிரிச்சா எப்பவும் சரியா வராது. எங்க பொருந்தாதுன்னும் சேத்துக் காட்டலன்னா பசங்க கண்ட இடத்துல வெட்டுவாங்க. ஃபிரேயர் கட்டம்னு 1969லேர்ந்து ஒண்ணு இருக்கு, ஒரு தாளை நாலா மடிச்சு, வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு ஆகாதது. நாலாவது கட்டம்தான் அதுல உயிர். சேர்மத்துக்கு எடுத்துக்காட்டு உப்புன்னு எல்லாரும் எழுதிடுவான். உப்புத் தண்ணி ஏன் சேர்மம் இல்லன்னு எழுதுறப்பதான் பேனா நிக்கும்.

எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கட்டம் போடாதீங்க, ஒரு கட்டத்துக்கு இருபது நிமிஷம் போகும். பாடத்துக்கு ரெண்டு போதும். போலன்றிக்கு எல்லாம் கட்டம் போட முடியாது, அதை வாக்கியத்துலதான் புடிக்கணும்.

ஜூலை 3, காலை 7:05

"இவ்வளவு எதுக்கு, நெறைய வாசிச்சா தானா வந்துடும்"னு எழுதின நண்பருக்கு: வரும், மெதுவா வரும். 1999ல ஸ்வான்போர்ன், டி குளோப்பர் ரெண்டு பேரும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பாத்ததுல, சாதாரணமா வாசிக்கிறப்போ எதிர்ல வர்ற தெரியாத சொல்லுல சுமார் 15 சதவீதம்தான் மனசுல ஒட்டுதுன்னு வந்துச்சு. நெறைய வாசிக்கிறவனுக்கு அது மலையாகும். என் வகுப்புல பாதிப் பேர் பாடப்புத்தகத்தைத் தவிர வேற எதையும் தொடுறதில்ல, அவனுக்கு 15 சதவீதத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது. வாசிக்க வைக்கணும், சொல்லியும் குடுக்கணும். ஒண்ணு போதும்னா எனக்கும் வேலை மிச்சம்தான்.

ஜூலை 8, இரவு 11:40

இந்த வருஷம் வேற மொழிவழியில படிச்சுட்டு ஒரு பையன் நடுவுல வந்து சேந்தான். மைதானத்துல அருவி மாதிரி பேசுறான், கிண்டல் அடிக்கிறான், சண்டை போடுறான், நம்ம மொழி நல்லா வந்துடுச்சுன்னு எல்லாரும் நெனைச்சோம். பரீட்சைத் தாள் வெள்ளையா வந்துச்சு. சோம்பேறின்னு ஆசிரியர் அறையில ஒரு பேச்சு. ஜிம் கம்மின்ஸ்னு இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஒருத்தர் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே சொன்னதுதான், புது மொழியில பழகுற பேச்சு ரெண்டு வருஷத்துல வந்துடும், பாடம் படிக்கிற மொழி வர அஞ்சுல இருந்து ஏழு வருஷம் ஆகும். பேச்சு சரளமா இருக்கிறதே இவனுக்கு எதிரியாப் போச்சு, யாரும் சந்தேகப்படல.

இவனுக்காக ஆரம்பிச்சது, இப்ப எல்லாருக்கும் பண்றேன். பரிசோதனை நடக்கிறப்ப சுத்தி நின்னு பேசுறது எப்படி இருக்கும்? "டேய் இதை அதுல ஊத்து, பாரு பொங்குது, போதும் போதும்." அங்க சொல்லே தேவையில்ல, கை போதும். அடுத்து, பாக்காத ஒருத்தன்கிட்ட போய் சொல்லு, கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு. இப்ப "இது", "அது" செல்லாது. அமிலத்தை சுண்ணாம்புக்கல் மேல ஊத்தினதும் நுரைச்சுக்கிட்டு வாயு வெளிய வந்துச்சுன்னு சொல்லித்தான் ஆகணும். மூணாவது, அதை எழுது. "வாயு வெளியேறியது." நாலாவது, அந்த வாக்கியத்தையே பெயரா சுருக்கு, "வாயு வெளியேற்றம்". புத்தகம் நேரா நாலாவது படியில நிக்குது. "ஆவியாதல் வீதத்தின் அதிகரிப்பு"ன்னு மூணு நிகழ்ச்சியை மூணு பெயரா உறைய வெச்சு ஒரு கட்டியா குடுக்குது. பசங்களை அந்தக் கட்டியை உருக்கச் சொல்லுங்க: தண்ணி ஆவியாகுது, ஒரு அளவுல ஆகுது, அந்த அளவு கூடுது. உருக்கத் தெரிஞ்சவனுக்கு உறைய வைக்கவும் வரும். நான் இத்தனை வருஷம் உறைஞ்சதை மனப்பாடம் பண்ண வெச்சுட்டு இருந்தேன்.

இன்னொரு சின்ன விஷயம். மேரி பட் ரோன்னு ஒரு அம்மா அறிவியல் வகுப்புகளைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. கேள்வி கேட்டுட்டு ஆசிரியர் காத்திருக்கிறது ஒரு நொடிதான், அதுக்கும் கம்மி. அதை மூணு நொடி ஆக்கினா பதிலோட நீளம் கூடுதுன்னு கண்டாங்க. படிச்சதும் என் போன்ல என் வகுப்பையே பதிவு பண்ணிக் கேட்டேன். மூணு நொடியா, நானே கேட்டு நானே பதில் சொல்லிட்டு இருக்கேன். நாப்பது நிமிஷத்துல பசங்க குரல் மொத்தமா ரெண்டு நிமிஷம் வந்திருந்தா அதிகம், அதுலயும் பாதி "ஆமா சார்". சொல் வளரலன்னு யாரைக் குத்தம் சொல்றது, அத்தனை சொல்லையும் நானே வாயில வெச்சுட்டு இருந்தேன்.

ஜூலை 8, இரவு 11:55

அந்தப் பதிவை அழிச்சுட்டேன், கேக்க முடியல.

ஜூலை 13, மாலை 6:30

மேடம், நீங்க கேட்ட வாக்கியத் தொடக்கங்கள். போர்டு ஓரத்துல எழுதி வைப்பேன்: "... போலன்றி ...", "... ஆயினும் ...", "இதன் விளைவாக ...", "... நீங்கலாக ...". பதில் சொல்றப்ப ஒண்ணையாவது பயன்படுத்தணும். மொதல்ல அருமையா வேலை செஞ்சது. ஒரு மாசம் போனதும் 32 நோட்டுலயும் ஒரே வாக்கியம், இதன் விளைவாக இதன் விளைவாகன்னு. எதோட விளைவுன்னே இல்லாத இடத்துலயும்.

கட்டடம் எழும்பினதும் சாரத்தைப் பிரிச்சுடணும், நான் சாரத்துக்கு வெள்ளை அடிச்சுட்டு இருந்தேன். இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அழிச்சுட்டு, அது இல்லாம எழுதச் சொல்றேன். எழுதுறவனுக்கு அந்தத் தொடக்கம் இனிமே வேண்டாம், தடுமாறுறவனுக்கு மட்டும் சின்னத் தாள்ல. சுவத்துல ஒட்டின சொல் அட்டையும் அப்படித்தான், ஒட்டின அன்னைக்குப் பாப்பான், அடுத்த நாள்ல இருந்து சுவத்துல இருக்கிற பல்லிக்குக் கெடைக்கிற கவனம்கூட அதுக்குக் கெடையாது.

மறந்துடுறாங்கன்னு முதல்ல கேட்டீங்களே, அதுக்கு நான் பண்றது ஒரு பழைய டப்பாவும் சீட்டும். சொல்லிக்குடுத்த சொல்லை எல்லாம் சீட்டுல எழுதி டப்பாவுல போடுறது. தினமும் வகுப்பு ஆரம்பத்துல மூணு சீட்டு, எந்த வாரச் சொல்லு வேணா வரலாம். அர்த்தம் சொல்ல வேண்டாம், இன்னைக்குப் பாடத்தை வெச்சு அந்தச் சொல்லுல ஒரு வாக்கியம். எபிங்ஹாஸ்னு ஒரு உளவியலாளர் 1885லயே தன்னைத்தானே சோதிச்சு, படிச்சது எவ்வளவு வேகமா கரையுதுன்னு காட்டிட்டாரு. மறக்கிற நேரத்துல திரும்ப இழுத்தாதான் அடுத்த தடவை மெதுவா கரையும். உங்க வெள்ளிக்கிழமை டெஸ்ட்டு தப்பில்ல, டெஸ்ட்டு முடிஞ்சதும் அந்தச் சொல்லைக் கைகழுவிடுறதுதான் தப்பு. ஜூன்ல நான் டெஸ்ட்டையே திட்டின மாதிரி எழுதிட்டேன், அதைத் திருத்திக்கிறேன்.

ஜூலை 22, இரவு 10:20

நீங்க போட்ட பதிலைப் பாத்தேன் மேடம், உங்க வகுப்புல "அன்றி"யை 41ல 26 பேர் கவுத்துட்டாங்கன்னு. என் 32க்கு 19ஐ விட உங்க கணக்கு லேசா அதிகம், வருத்தப்படாதீங்க, எங்கிட்ட ஜெயிக்கிறதுக்கு வேற வழி இருந்திருக்கும்.

போலன்றிப் பக்கத்தை இன்னைக்கு அதே பசங்ககிட்ட சொல்லாம கொள்ளாம திரும்பக் குடுத்தேன். தலைகீழா சொன்னது 6 பேர். இந்த ஆறு பேருக்கும் வேற வாக்கியம் எடுக்கணும், அதே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் குடுத்தா பதிலைத்தான் கத்துக்குவாங்க. மத்த 26 பேரும் சொல்லைக் கத்துக்கிட்டாங்களா வாக்கியத்தைக் கத்துக்கிட்டாங்களான்னும் தெரியல, அதுக்கும் புது வாக்கியம் வேணும். நாளைக்கு "ஒழிய" வெச்சுப் பாக்கப் போறேன்.

நடுவுல வந்து சேந்த பையன் முத தடவையா கோடு போட்ட தாளைக் குடுத்தான். "கொள்க"வுக்கு அடியில ரெண்டு கோடு. "எக்ஸ் என்பதை வயது எனக் கொள்கன்னா யார்கிட்ட இருந்து வாங்கிக்கணும் சார்?" வகுப்பு சிரிச்சுச்சு. நான் மூணு நொடி காத்திருந்தேன். பதில் சொல்ல ஒரு கைகூட ஏறல.

"கொள்க" சீட்டு டப்பாவுல போட்டாச்சு.